ஏகாதசிக் களைப்பு அன்று

மும்பை மாட்டுங்காவில் முப்பது ஆண்டுகள் வங்கி அதிகாரியாக இருந்தவன் நான். எங்கள் சபாவின் செயலாளரும்கூட. வீதியில் எவரும் என் கையைப் பிடித்து நடத்தியதில்லை.

அன்று ஏகாதசி, காலையிலிருந்து உபவாசம். ரயில் நிலையத்தருகே பை தைக்கும் தாராவிக்காரர் சுலைமானிடம் என் தோல்பையைக் கொடுத்தபோது, அது வலக்கையிலிருந்து நழுவியது. பேச முயன்றேன், நாக்குக் குழறியது. சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிட்டது.

“விரதக் களைப்புதான். ஆத்துக்குப் போனா சரியாயிடும்” என்று கிளம்பினேன்.

சுலைமான் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாய் ஒரு பக்கமாக் கோணிச்சு ஐயா, நான் பாத்தேன். சரியாப் போச்சுன்னுதான் எங்க வாப்பாவும் சொன்னாவ. மறுநாளே படுக்கையில விழுந்தாவ. டாக்ஸியில ஏறுங்க.”

“கையை விடுப்பா, எல்லாரும் பார்க்கறா.”

“பாக்கட்டும். ஆஸ்பத்திரி வாசல்ல விடுதேன்.”

மூளைக்குச் செல்லும் ரத்தம் சற்று நேரம் அடைபட்டிருந்தது என்றார் மருத்துவர். தானே சரியானாலும் அது பெரிய பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கையாம். தாமதியாமல் வந்ததால் தடுக்க மருந்து கொடுத்தார்கள். இதை என் வலக்கையால்தான் எழுதுகிறேன். அதற்குரிய நன்றி சுலைமானுக்கே.

ஆபத்தை நானே உணர்ந்து மருத்துவமனைக்குச் சென்றதாகச் சபாவில் புகழ்கிறார்கள். அது தவறு. நான் வீட்டுக்குத்தான் கிளம்பினேன்; சுலைமான் என் கையை விடவில்லை.