பிளாப்பிக்கு வைத்த பொட்டு

மண்ணூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரப்பர் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள் நான் ஒருத்திதான். அதே கம்பெனியில் அம்மா பெருக்குவாள், டீ கொடுப்பாள். தொண்ணூற்றொன்றில் கம்ப்யூட்டர் வந்தது. ஆயுத பூஜை முடிந்ததும் முதலாளி வருவார், அவர் முன்னால் ஓட்டிக் காட்டினால் கம்ப்யூட்டர் நாற்காலி எனக்கு, இல்லாவிட்டால் மெட்ராஸிலிருந்து வேறு ஆள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அந்த அறைக்கு மட்டும் ஏசி. செருப்பை வெளியே விட வேண்டும். அம்மாவை நான் துடைப்பத்தோடு உள்ளே விடுவதில்லை. "தூசி பட்டா கெட்டுடும்மா" என்பேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

சனிக்கிழமைகளில் மெட்ராஸ் இன்ஜினியர் வந்து, கம்ப்யூட்டரை ஓட்டுகிற டாஸ் கட்டளைகளைச் சொல்லிக்கொடுப்பார். வேகமாகச் சொல்லிவிட்டு "புரிஞ்சுதாம்மா?" என்பார். புரிந்தது என்று தலையாட்டுவேன். அவர் போனபின் எதை அடித்தாலும் திரையில் 'பேட் கமாண்ட்' என்று வரும். பேட் என்று என்னைத்தான் சொல்கிறது என்று தோன்றும். ரப்பர் லைனில் வேலை பார்க்கும் பெண்கள் அறைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால், குனிந்து திரையை மறைத்துக்கொள்வேன்.

"இன்னாக்கா, டிவில படமே வரல?" என்று ஒருத்தி கேட்பாள்.

"இது படம் காட்டுற பொட்டி இல்ல" என்பேன்.

டாஸ் இருக்கிற பிளாப்பியைச் செருகினால்தான் அந்த மெஷினுக்கு உயிர் வரும். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று அதற்கு ஒரு நகல் எடுக்கச் சொல்லியிருந்தார் இன்ஜினியர். அதை ஒழுங்காக எடுத்து வைத்திருந்தேன்.

ஆயுத பூஜை அன்று பிரஸ் மெஷின், லேத், லாரி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பு. திரைக்கு வைத்தேன், பிரிண்டருக்கு வைத்தேன். பிளாப்பியை உறையிலிருந்து உருவினேன். அந்தக் கறுப்புச் சதுரத்தில் ஒரே ஒரு நீளத் திறப்பு, அதற்குள் வழவழவென்று பழுப்புத் தகடு. எனக்கு அது நெற்றி மாதிரி இருந்தது. அங்கே வைத்தேன். நகலுக்கும் வைத்தேன்.

முதலாளி இன்ஜினியரோடு வந்தபோது பிளாப்பியைச் செருகினேன்; மெஷின் 'கர்ர்' என்றது. அதோடு சரி. நகலைப் போட்டேன், அதற்கும் அதே சத்தம். இன்ஜினியர் இரண்டையும் வெளியே இழுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார். தகட்டில் காய்ந்த சந்தனம் வட்டமாகக் கீறியிருந்தது.

"யாரு வேலை இது?"

டீத் தட்டோடு வாசலில் நின்றிருந்த அம்மா முந்திக்கொண்டாள். "நாந்தான் சார் வெச்சேன். படிக்காதவ, எனக்கு இன்னா தெரியும்?"

இன்ஜினியர் தலையாட்டினார். முதலாளியும் "சரி, விடுங்க" என்றார். எல்லாரும் எவ்வளவு சுலபமாக நம்பினார்கள்! அம்மா அந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை.

"அம்மா இல்ல சார். நான்தான் வெச்சேன்."

கண்ணாடிக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "நகலுக்குமாம்மா?" என்றார் இன்ஜினியர். "ஆமா சார்" என்றேன். மேனேஜரும் சிரித்துவிட்டார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்து, வருகிற சனிக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா திட்டினாள். "நா வெச்சன்னா ரெண்டு திட்டு திட்டிட்டு வுட்டுருப்பானுங்க. பெருக்குற வேலையா பூடும்? நீ இன்னாத்துக்குடி வாயத் தொறந்த?"

மறுநாளே இன்ஜினியர் புது பிளாப்பியோடு வந்தார். "புரிஞ்சுதாம்மா?" என்று ஆரம்பிப்பதற்குள் சொன்னேன்: "சார், இதுவரைக்கும் நீங்க சொன்னது எதுவுமே எனக்குப் புரியல." கண்ணாடிக்கு வெளியே ஆள் இருந்தது தெரிந்துதான் சொன்னேன். காது சுட்டது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்.

நாற்காலி எனக்குக் கிடைத்தது. லைனில் என்னை 'பொட்டக்கா' என்றே கூப்பிட்டார்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வரலாமாடி? தூசி கீசி பட்டுறாதே?"

குரலில் கேலியே இல்லை. நிஜமாகவே கேட்டாள்.