உருவிய கை

எம். புதுப்பட்டியில் சுளுக்கு எடுக்கத் தெரியாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்க்கிற ஊர். வலியென்றால் நல்லெண்ணெயைச் சூடாக்கி உருவிவிடுவார்கள். அதிலும் ஆவுடைத்தாய் கைராசிக்காரி என்று பேர் வாங்கியவள்.

அவள் மகள் யோகேஸ்வரிக்கு இருபத்து நான்கு வயது. கழுத்து திரும்பாது, இடுப்பு வளையாது. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஆபீஸில் நின்றபடியே பிழை திருத்துகிறாள். சதை மெல்ல மெல்ல எலும்பாக இறுகும் நோய், பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வந்தாலே அதிசயம் என்று மதுரை டாக்டர் சொல்லி ஆறு வருஷமாகிறது. அன்று மகள் மட்டும்தான் உள்ளே போனாள். வெளியே வந்து, "பிறவி நோயாம்மா, யாரு மேலயும் குத்தமில்ல" என்றாள். ஆவுடைத்தாய் தலையெழுத்தைத் திட்டியதோடு சரி.

போன ஞாயிற்றுக்கிழமை மகளிர் குழுக் கூட்டத்தில் யோகேஸ்வரி பேச நின்றாள். முன்வரிசையில் ஆவுடைத்தாய்க்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்தில் பாண்டிச்செல்வி, மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் முதுகில் வீக்கம். மறுநாள் உருவிவிட வைத்தியரிடம் கொண்டுபோவதாக இருந்தாள். அந்தப் பிள்ளையின் பாதத்தை யோகேஸ்வரி இரண்டு நாள் முன்பு தற்செயலாகப் பார்த்திருந்தாள். அதற்காகத்தான் இந்தப் பேச்சே.

அவள் ஒரு காலண்டர் அட்டையைக் காட்டினாள். அதில் ஒரு குழந்தையின் பாதம் வரைந்திருந்தது; பெருவிரல் குட்டையாக உள்பக்கம் மடங்கியிருந்தது.

"பெறக்கும்போதே வெரலு இப்படி இருந்து, பெறகு முதுகுல, கழுத்துல கட்டி வந்தா உருவாதீக. பெரிய டாக்டர்கிட்ட வெரலக் காட்டுங்க. அந்தச் சதை தானாவும் எலும்பா இறுகும். உருவுனா வெரசா இறுகிரும்."

ஆவுடைத்தாய் தன் கையைப் பார்த்தாள். மகளுக்கும் பெருவிரல் பிறவியிலேயே அப்படித்தான்; ஐந்து வயதில் கழுத்தில் கட்டி வந்தது. சனிக்கிழமை தவறாமல், பிள்ளை கதறக் கதற, காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உருவினாள். நல்லது செய்கிறோம் என்றே நினைத்தாள். மகள் ஆறு வருஷமாகத் தெரிந்துகொண்டே அந்தக் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறாள்.

பாண்டிச்செல்வி குழந்தையின் பாதத்தைச் சேலையால் மூடினாள். "உருவாம எப்படிக் கட்டி கரையும்? ஒனக்கு யாரு உருவுனது?"

யோகேஸ்வரியின் கழுத்துதான் திரும்பாது. அவள் கண்ணையும் அம்மா பக்கம் திருப்பவில்லை. "ஒரு வைத்தியரு. இப்ப உசுரோட இல்ல."

ஆவுடைத்தாய் எழுந்தாள். பாண்டிச்செல்வி முன்னால் இரண்டு உள்ளங்கையையும் விரித்தாள்.

"வைத்தியரு யாருமில்ல தாயி. நான்தேன் உருவுனேன். புள்ளைய உருவக் கொண்டுபோயிராத."