வாய்க்கால் ஓரத்துப் பஞ்சர் கடை

அந்தக் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் பஞ்சரக்கா கடையைக் கைகாட்டுவார்கள். மேட்டிலிருந்து வாய்க்கால்வரை வீடுகள் ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, எல்லாச் சந்துகளும் வந்து இறங்கும் இடத்தில் தகரக் கூரை போட்ட கடை. பின்புறமே வீடு. சைக்கிளோ தள்ளுவண்டியோ, டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி கிளம்பும் இடத்தைச் சட்டென்று விரலால் அமுக்கிவிடுவாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

"உனக்குக் கால்ல சக்கரமாடி?" என்பான் லாரி ஓட்டும் கணவன்.

"லாரி ஓட்டுறது நீங்க, சக்கரம் எனக்கா?" என்பாள்.

அவர்கள் முன்பு குடியிருந்த இடத்தை ஒரு காலையில் புல்டோசர் வந்து வழித்துக்கொண்டு போயிருந்தது. அடுப்பில் கொதித்ததை இறக்கக்கூட விடவில்லை. அன்றிலிருந்து எங்கே இன்ஜின் உறுமினாலும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து பார்ப்பாள்.

இப்படியிருக்கையில், ஒரு பெண் சுருட்டிய வரைபடத்தோடு சந்து சந்தாக நடக்க ஆரம்பித்தாள். திறந்தவெளிகளை வடிவமைப்பது அவள் தொழில்; நகராட்சி அனுப்பியிருந்தது. ஜனங்கள் அவளுக்குப் படக்காரம்மா என்று பெயர் வைத்தார்கள். மழைத்தண்ணீர் வீடுகளுக்குள் புகாமல், படிகளை ஒட்டிய ஓடைகளில் இறங்கி, கீழே பள்ளமாக வெட்டிய மைதானத்தில் தேங்கி, நாணல் புதர் வழியே மெல்ல வாய்க்காலுக்கு வடிய வேண்டும் என்பது அவள் திட்டம். மற்ற நாட்களில் அங்கேயே பிள்ளைகள் விளையாடலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படத்தில் பள்ளம் இருந்த இடத்தில்தான் பஞ்சர் கடை நின்றது.

"முதல்ல பூச்செடின்னு வருவீங்க, பின்னாடியே புல்டோசர் வரும்" என்று பஞ்சரக்கா ஸ்பேனரும் கையுமாகச் சீறினாள்.

"கடையை எடுக்கத்தான் வேணும்கா. அதுல பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் படக்காரம்மா. "எங்க வைக்கலாம்னு உங்களைக் கேக்காம படத்தை முடிக்கவும் மாட்டேன்."

இருவருமாக மேட்டில் ஏறி இறங்கினார்கள். மேலே ரோட்டை ஒட்டி, படிகள் தொடங்கும் இடத்தில் கடையும் வீடும் என்று முடிவானது. "புதுசு எழும்பட்டும். அப்புறம்தான் பழசுல கை வைக்கணும்" என்று பஞ்சரக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். படக்காரம்மாவும் தலையாட்டினாள். ஆனால் நகராட்சியில் அதற்கான உத்தரவு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. படியும் ஓடையும் முடிந்தன; புதுக் கடைக்குக் கல்கூட வந்து இறங்கவில்லை. அதற்குள் மழை முந்திக்கொண்டது.

ஓடைகள் தண்ணீரை ஒழுங்காகக் கொண்டுவந்து கடைச் சுவரில் மோதின. போக வழியின்றி அது இருபுறமும் வீடுகளுக்குள் ஏறியது. முழங்கால் தண்ணீரில் பாயைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள்: "உன் ஒரு கடைக்காக நாங்கள்லாம் முங்கிச் சாகணுமா?"

பஞ்சரக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் கடைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். டியூபைத் தப்பாக ஒட்டினாள். வானம் மீண்டும் இருட்டியபோது கடப்பாரையை எடுத்துவிட்டாள்.

"பைத்தியமா உனக்கு? அவங்க ஏமாத்திட்டா நடுரோடுதான்" என்று கணவன் குறுக்கே நின்றான்.

"ஏமாத்தினா அவங்களோட சண்டை போட்டுக்கறேன். பக்கத்து வீட்டுக்காரி மூஞ்சில தினம் எப்படிங்க முழிக்கிறது?"

கடைசியில் அவனே கூரைமேல் ஏறித் தகரத்தைக் கழற்ற ஆரம்பித்தான். பக்கத்து வீட்டுக்காரியும் வந்து செங்கல் சுமந்தாள். அன்றைய மழை வெறும் மண்ணை அறுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடியது.

புதுக் கடை எழும்பும்வரை ரோட்டோரம் தார்ப்பாயின் கீழ்தான் பிழைப்பு, படுக்கை எல்லாம். படக்காரம்மா தினமும் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தே உத்தரவை வாங்கிக்கொடுத்தாள். புதுக் கடை முன்னதைவிடச் சிறியதுதான், கதவு மட்டும் நல்ல கதவு. கீழே வெட்டிய பள்ளத்தில் நாணல் முளைத்தது, பந்து உருண்டது.

"இப்பவாவது நிம்மதியாத் தூங்குறீங்களாக்கா?" என்று கேட்டாள் படக்காரம்மா.

"மழை பேஞ்சாத் தூங்கறேன். வெயிலடிச்சா தூக்கம் வரலை. இடம் இவ்வளவு அழகாயிட்டா வேற எவனாவது கண்ணு வைப்பானே."

பட்டாவுக்கு எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டுமென்று படக்காரம்மா சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை பஞ்சரக்கா கடையைப் பூட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு அங்கே கிளம்பினாள்.