ஷூவைக் கழற்றியவர்

அறை வாடகை மலிவு என்பதால், நானும் கணவரும் அந்தப் பயணம் முழுக்க கேசினோ ஹோட்டல்களில்தான் தங்கினோம். நெவாடாவில் ஒரு கேசினோவில், டெக்ஸாஸிலிருந்து வந்திருந்த, தொப்பையும் சிவப்புத் தொப்பியுமான தமிழ் அங்கிள் ஒருவர், ஸ்லாட் மெஷின் முன்னால் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“லட்சுமி வர்ற எடம்மா,” என்றார்.

லட்சுமி வரவில்லை. நாங்கள் கட்டிக்கொண்டு வந்திருந்த புளியோதரையை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த மெஷினுக்கும் வெறுங்காலோடு போனார்.

மறுநாள் காலை கிராண்ட் கேன்யன் விளிம்பில் அதே தொப்பை, அதே சிவப்புத் தொப்பி. காலை வெயில் பள்ளத்தாக்குக்குள் இறங்க இறங்கப் பாறைகள் சிவந்தன. அவர் அந்தக் குளிரில் வெறுங்காலோடு கைகூப்பி நின்றார்.

“என்ன அங்கிள், இங்கயுமா?”

“நேத்து தப்பான எடத்துல கழட்டிட்டேம்மா.”

சிரித்துக்கொண்டே திரும்பினேன். என் கணவர் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.