தெரிந்தே கொடுத்த கஞ்சி

தகரக் கதவை யாரோ தட்டினார்கள். ஜெபக்கனி மாவு ஒட்டிய விரலோடு போய்க் கதவைத் திறந்தாள். சந்தில் யாருமில்லை. இருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்தாள்.

தாராவியின் அந்தச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். எதிர்வீடு நூர் நிஷாவுடையது. அதன் மாடியில் பெல்ட்டுக்குத் துளை போடும் பட்டறை. ஜெபக்கனியின் மகள் பெனிட்டா லிஃப்ட் பழுது பார்ப்பவள். சத்தம் என்று ஒன்று இருந்தால் அது எங்கிருந்தாவது வந்தாக வேண்டும் என்பாள். பட்டறை மிஷின் அடிக்கிற அதிர்வில் கதவு ஆடுகிறது என்று கண்டுபிடித்து, சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினாள். கதவு ஆடுவது நின்றது. ஜெபக்கனிக்கு மட்டும் கேட்டுக்கொண்டேயிருந்தது.

முதலில் தட்டியது நூர் நிஷாதான். கொரோனா ஊரடங்கின்போது, ஒரு மத்தியானம். கணவர் சலாவுதீனுக்கு மூச்சு வாங்குகிறது, ரோடு வரைக்கும் ஒரு கை பிடியுங்கள் என்று கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினாள். பெனிட்டா அப்போது வேலைக்குப் போன இடத்தில், நவி மும்பை நெருளில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஜெபக்கனி மட்டும் வீட்டில் இருந்தாள். அது பகலிலும் லைட் போட வேண்டிய வீடு. அவள் லைட்டை அணைத்தாள். இருட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். தட்டுவது நின்று, யாரையோ தாங்கித் தாங்கி நடத்திப் போகிற சத்தம் கேட்டது. சலாவுதீன் திரும்பி வரவில்லை. உடலையும் சந்துக்குக் கொண்டுவரவில்லை.

அதற்கப்புறம் ஜெபக்கனி தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டாள். டீ கிடையாது. மே மாதத்திலும் ஃபேன் கிடையாது. வெள்ளியும் சனியும் உபவாசம். சபையில் திருவிருந்துக்கு அப்பம் சுடுவது அவள் பொறுப்பு. அதற்கென்று தனியாக ஒரு தோசைக்கல் வைத்திருந்தாள். குளித்து, முக்காடிட்டு, சுட்டு முடிக்கும்வரை யாரோடும் பேச மாட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாயில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, தட்டு கைமாறி வரும்போது, தான் சுட்ட அப்பத்தைத் தொடாமல் அடுத்தவளிடம் தள்ளிவிடுவாள். இன்னும் கொஞ்சம் சுத்தமாகட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று நினைப்பாள். அந்த அப்புறம் வரவேயில்லை. சந்தில் யாராவது இருமினால் இன்னமும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவர்களைத் தாண்டிப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியவள், மறுபடி தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தாள். இந்தத் தடவை நூர் நிஷாவே நின்றாள். கையில் தூக்குவாளி. ரமலான் மாதம், நோன்புக் கஞ்சி. வருஷா வருஷம் கொண்டுவருவாள். வருஷா வருஷம் ஜெபக்கனி, உபவாசம் என்று சொல்லித் திருப்பி அனுப்புவாள். அந்த வீட்டுச் சாப்பாட்டில் கைவைக்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்பது அவள் எண்ணம். இன்றும், அப்பம் கல்லில் கிடந்ததால் வாய் திறக்காமல், உபவாசம் என்று கையால் ஜாடை காட்டினாள்.

நூர் நிஷா போகவில்லை. "இனிமே கொண்டாரலக்கா. எங்க வீட்டுது ஒங்களுக்கு ஆகாதுன்னு எனக்குத்தான் இத்தன வருசமாப் புரியல."

 உள்ளே தோசைக்கல்லில் அப்பம் தீயும் வாடை வந்தது.

"அன்னைக்கு நான் உள்ளதான் நின்னேன், நிஷா."

"தெரியும். கதவுக்கு அடியில வெளிச்சம் இருந்துச்சு. அணைஞ்சுது. பாத்துட்டுத்தான போனேன்."

"தெரிஞ்சுமா கஞ்சி கொண்டாந்த?"

"அன்னைக்கு ஒங்களுக்குப் பயம். யாருக்குத்தான் இல்ல? மொத வருசம் கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன், மனசு வரல. மறு வருசம் வந்துச்சு. ஆனா கஞ்சிய ஏங்கா வாங்கல? அது என்ன, கடிச்சிருமா?"

ஜெபக்கனி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ளப் போட்ட சட்டம், அதே பெண்ணின் முகத்துக்கு எதிரே வருஷா வருஷம் கதவை அடைத்திருந்தது. முதல் தடவை பயத்தில் அடைத்தாள். மற்ற தடவையெல்லாம் பக்தியில்.

மசூதியில் மாலைப் பாங்கு சொன்னார்கள். நூர் நிஷாவுக்கு வீட்டுக்குப் போய் நோன்பு திறக்க நேரமில்லை. உள்ளேயிருந்து இரண்டு தம்ளர் கேட்டு வாங்கி, அந்த வாசலிலேயே ஊற்றினாள். இரண்டு பேரும் குடித்தார்கள். ஜெபக்கனிக்கு அழுகையில் புரையேறியது. மெதுவாகக் குடிக்கும்படி சொல்லி, நூர் நிஷா தலையில் தட்டினாள்.

தீய்ந்த அப்பத்தைச் சுரண்டிவிட்டு, ஜெபக்கனி மீதி மாவில் இன்னொன்று சுட்டாள். மறுபடி குளிக்கவில்லை. சுடும்போது, வேலை முடிந்து வந்திருந்த பெனிட்டாவிடம் பேசிக்கொண்டேயிருந்தாள்.

மறுநாள் சபையில் தட்டு கைமாறி வந்தது. தம்ளரை வழித்த விரலில் கஞ்சியின் பூண்டு வாசம் இன்னும் இருந்தது. பழக்கத்தில் கை தட்டை நகர்த்தப் பார்த்தது. அப்பத்தைக் கொடுக்கிற ஆண்டவருக்குத் தெரியாமலா இருக்கிறது, லைட்டை அணைத்தது? தெரிந்தேதான் இத்தனை வருஷமாகத் தட்டை அனுப்பியிருக்கிறார். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். மென்று விழுங்கிய பிறகுதான் தட்டை அடுத்தவளிடம் கொடுத்தாள்.

சட்டங்கள் எதையும் அவள் ரத்து செய்யவில்லை. அவை தானாக உதிர்ந்தன. ஒரு நாள் ஃபேன் ஓடியது. மழைக்காலத்தில் சந்துக்கோடியில் சாயிமாவின் குடும்பமே காய்ச்சலில் படுத்தது. முதலில் உள்ளே போய் உட்கார்ந்து, நெற்றியில் ஈரத்துணி போட்டது ஜெபக்கனிதான். போக வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. அவளும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சத்தம் நின்றுவிட்டதா என்று பெனிட்டா ஒருமுறை கேட்டாள்.

"எங்க நிக்குது? தட்டிக்கிட்டுத்தான் இருக்கு." கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னாள். "நீ வரும்போது கதவச் சாத்தாத. தெறந்தே கெடக்கட்டும்."

சொன்னபடியே, ஜெபக்கனியின் உடலைக் கல்லறைக்கு எடுத்துக்கொண்டு போன அன்றைக்கும் அந்தக் கதவு திறந்துதான் கிடந்தது.