வரி விடாமல் படிக்கும் வாசகர்

ஹோபார்ட் நகரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் பயன்பாட்டுக் குறிப்புகள் எழுதுபவள் மார்னி டகெட். தான் எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்பது அவளுடைய நெடுநாள் புலம்பல். இப்போது வரி விடாமல் படிக்கும் வாசகர் ஒருவர் வாய்த்துவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. அந்த வாசகர், அவள் எழுதித் தரும் குறிப்புகளின்படி தானாகவே இயங்கும் ஓர் ஏஐ ஏஜென்ட். காட்டுத்தீயைக் கவனித்து, பண்ணைக்காரர்களின் கைபேசிக்கு அறிவிப்பு அனுப்புவது அதன் வேலை.

‘அவசரமானால் மட்டும் அனுப்பு’ என்று எழுதிய மார்னி, எது அவசரம் என்பதற்கு அலுவலகக் கேலியாக ஓர் உதாரணமும் சேர்த்திருந்தாள்: ‘டீக்குப் பால் தீர்ந்துவிட்டது.’ அவ்வளவு சின்ன விஷயமும் அவசரம்தான் என்று ஏஜென்ட் அதையே அளவாக வைத்துக்கொண்டது. சோதனையன்று அலுவலகக் கைபேசிகள் ஓயாமல் அலறின.

“ஏம்மா மார்னி, லேசா காத்தடிச்சாகூட கத்துதே! பண்ணைக்காரன் கடுப்பாகி இத அணைச்சுத்தான் வைப்பான்” என்றான் மேலாளன் கிளைவ்.

“அப்புறம் நெஜமாவே தீ வந்தா? அதுகிட்டப் போய் ஜோக்கடிச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

உதாரணத்தை நீக்கிவிட்டு, தீ எவ்வளவு அருகில் வந்தால், காற்று எந்தப் பக்கம் வீசினால் அனுப்ப வேண்டும் என்று எழுதினாள். பிற்பகல் முழுக்க ஒரு கைபேசியும் ஒலிக்கவில்லை. கிளைவ் கைதட்டினான். மார்னியோ, உண்மையிலேயே எங்கும் தீ இல்லைதானா என்று ஜன்னலுக்கும் தீயணைப்புத் துறையின் வலைப்பக்கத்துக்குமாக மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.