உப்புப் பார்க்கும் நாக்கு

திருக்கழுக்குன்றத்துக் கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் மூன்று அண்டா பிரியாணிக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. உப்புப் பார்க்கக் கரண்டியை வாயருகே கொண்டுபோனார் மதார் சாகிப். குமட்டிக்கொண்டு வந்தது. அந்த நொடியில்தான், ஊசியை நிறுத்திவிடுவதென்று முடிவு செய்தார்.

முப்பத்திரண்டு வருஷமாக அந்த நாக்கை நம்பித்தான் கல்பாக்கம் வட்டாரத்தில் அவருக்கு வேலை. ஊரார் விருந்துக்கு நெருப்போடு நின்றுவிட்டு, மிஞ்சிய சோற்றை மாலை நான்கு மணிக்குத் தின்று தின்றே உடம்பு பெருத்தது, சர்க்கரை வந்தது. போன வருஷம் ஸ்கேன் எடுத்தால் ஈரல் முழுக்கக் கொழுப்பு. தழும்பும் விழத் தொடங்கியிருந்தது. "வாரம் ஒரு ஊசி. பசி மந்தமாகும், குமட்டும், பொறுத்துக்கணும். விட்டா ஈரல் சுருங்கிடும்," என்றார் டாக்டர். அரசு ஆஸ்பத்திரியில் இலவச மருந்து தரும் ஜன்னலில் அந்த ஊசி இல்லை. ஏழையின் ஈரலுக்கு அங்கே இலவசமாகக் கிடைப்பது அறிவுரை மட்டும்தான்: எண்ணெயைக் குறை, நட. மனைவி ஹபீபா தையல் மிஷினை மிதித்து ஊசி வாங்கினாள். ஒன்பது கிலோ இறங்கியது. ரத்தப் பரிசோதனையும் தேவலை. நாக்குதான் செத்துவிட்டது.

"கங்காதரா, இனிமே ஊசி வேணாம். ஈரலா வேலையான்னா, வேலைதான்."

கங்காதரன் மீன்பிடி படகை விட்டு இவரிடம் உதவியாளாக வந்து இருபது வருஷம். அடுப்பில் விறகைத் தள்ளியபடியே கேட்டான்: "நோம்பு மாசத்துல யாரு உப்பு பாக்கறது பாய்?"

"நீதான்."

"அப்போ வருஷம் பூரா நோம்புன்னு நெனச்சிக்க. என் நாக்கு இன்னா, ஊருக்கா போயிருக்குது?"

உலைநீரை உள்ளங்கையில் விட்டு நக்கினான். "அரைப் பிடி கொறையுது."

மதார் சாகிப் அரைப் பிடி போட்டார். ஒவ்வொரு நோன்பு மாதமும் நடக்கிற ஏற்பாடுதான் இது. பயத்தில் மறந்தே போயிருந்தது.

மண்டப மேனேஜர் கோதண்டராமன் எட்டிப் பார்த்தார். "இன்னா பாய், ஈரல் கெட்டுப்போச்சாமே? நீங்களுமா தண்ணி போடறீங்க?"

ஒரு வருஷமாக இதே கேள்வி. மதார் சாகிப் அரிசியை அள்ளி உலையில் போடத் தொடங்கினார்.

"போடறவன் நானு சார்," என்றான் கங்காதரன். "என் ஈரல் கல்லாட்டம் கீது. பீடிகூடத் தொடாத மனுசனுக்குக் கெட்டுப்போச்சு. எந்தக் கோர்ட்ல போய்க் கேக்கறது?"

மேனேஜர் சிரித்துக்கொண்டே போனார். அரிசி வெந்ததும் மதார் சாகிப் தம் போட்டு, மூடிமேல் நெருப்புக் கங்குகளை அள்ளிப் பரப்பிவிட்டு, கவிழ்த்த குண்டான்மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஊசி நாளு. போட்டுக்கறேன்," என்றார். "ஆனா நீ குடிக்கறத உடுடா. அந்த நாக்கு இனிமே எனக்கும் சேத்துதான்."

"அந்த வருஷம் பூரா நோம்பு முடியட்டும் பாய், பேசிக்கலாம்," என்றான் கங்காதரன்.